பாதி நினைவில் நின்ற பாட்டு

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கொள்ளேகாலின் பழைய வரலாற்றைக் குறித்து ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழு அன்பர்கள் கேட்டபொழுது நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அவ்வூரில் பிறந்தவர்களுள் நம் குடியிருப்பில் மூத்தவன் நானே என்பதன்றி, அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு வேறு காரணம் இருக்க முடியாது. ஆனால் எழுத உட்கார்ந்தபொழுது அரசர்களும் போர்களும் நினைவில் முன்வரவில்லை. ஒரு பாட்டு வந்தது. அதுவும் முழுப் பாட்டன்று. நைந்த சேலையில் கரை மட்டும் எஞ்சியிருப்பது போல, முன்னும் பின்னும் அற்ற சில துணுக்குகள். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பாட்டு இன்னதென்று அறியாமல் நான் அலைந்த கதையையே இங்கு எழுதுகின்றேன். ஊரின் வரலாறும் அதனுள் வந்துவிடும், அன்பர்கள் பொறுத்தருள்க.

கொள்ளேகால் என்னும் பெயருக்குக் கோஹலர், காலவர் என்னும் இரு முனிவர்களைக் காரணம் காட்டுவது ஊர் வழக்கு. முனிவர்களை அவர்கள் தவத்தில் விட்டுவிட்டு நாம் சரித்திரத்திற்கு வருவோம். 1799 ஆம் ஆண்டில் சீரங்கபட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், கும்பினியார் எடுத்துக்கொண்ட நிலங்களுள் கொள்ளேகால் வட்டமும் ஒன்று. அதைக் கோயமுத்தூர் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். அன்று முதல் 1956 அக்டோபர் 31 ஆம் நாள் வரையில் ஊராரின் பேச்சு பெரும்பாலும் கன்னடம். கலெக்டர் கச்சேரியோ கோயமுத்தூரில். காவிரி பாயும் மேட்டு நிலத்தில் இருந்துகொண்டு, மலைக்குக் கீழே இருந்த ஓர் ஊருக்கு வரி கட்டிய வட்டம் அது. சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்பு மிகுதியாக நடந்ததும் இந்த ஒரு வட்டத்தில்தான். கொள்ளேகால் பட்டு என்றால் தெற்கே அனைவருக்கும் தெரியும்.

கோயமுத்தூர்ச் சீமைக்கும் மைசூர்ச் சீமைக்கும் இடையே மலைகள் நின்றன என்றாலும் வழி இல்லாமல் இல்லை. கொள்ளேகாலிலிருந்து ஹனூர், கௌதள்ளி வழியாக மலைகளுக்குள் நுழைந்து, காவேரிபுரம் கணவாயில் இறங்கினால் இன்றைய மேட்டூர்ப் பக்கம் சேரலாம். 1800 ஆம் ஆண்டில் கும்பினியார் ஆணையின்படி மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் இந்த வழியாகத்தான் கீழே இறங்கினார். அவர் இறங்கிய வழியில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மேலே ஏறின. பவானிப் பக்கத்திலிருந்து என் தந்தையார் ஏறி வந்து, பட்டுக்கூட்டு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். நான் 1944 இல் கொள்ளேகாலில் பிறந்தேன்.

என் தந்தையாரின் தமக்கை எங்களுடன் இருந்தார். அத்தைக்குக் கணவர் உண்டு. ஆனால் அத்தை அவர் வீட்டில் இல்லை. ஒரு தகரப் பெட்டியுடன் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று குழந்தைகள் கேட்பதில்லை. கேட்டாலும் யார் சொல்லப் போகிறார்கள்? வீட்டிற்குப் பாரமாக இருத்தலாகாது என்று எண்ணியோ என்னவோ, அவர் பட்டு நூற்கும் கொட்டகைக்குப் போய்ச் சரகா சுற்றக் கற்றுக்கொண்டார். கொதிநீரில் கூடுகள் மிதக்கும். பூ இதழ் போன்ற மெல்லிய இழைகளின் நுனியை விரலால் தேடி எடுத்து, ஐந்தாறை ஒன்றாகச் சேர்த்து, சரகாவில் ஏற்ற வேண்டும். விரல் நுனிகள் எப்பொழுதும் வெந்து வெளுத்திருக்கும். புழுவின் வாடை உடையை விட்டு அகலாது. பள்ளி விட்டதும் நான் அங்கே போய்ச் சுவரோரம் சாய்த்து வைத்த சந்திரிகைத் தட்டுகளின் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். அத்தை பாடுவார்.

எனக்கு நினைவில் நின்றவற்றைச் சொல்லுகின்றேன். காட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி. கணவன் தேன் எடுக்கப் புறப்படுகின்றான். புறப்படுமுன் அவளிடம் வலக்கையை நீட்டிப் ‘பாஷை’ கேட்கின்றான். பிறகு ஒரு குடிசை. அதற்குள் அவள் அடைபட்டிருக்கின்றாள். பிறகு இரண்டு ஆண் குழந்தைகள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ‘மாதேவா’ என்று ஒரு நீண்ட இழுப்பு. கதை நடப்பது தமிழில். நடுநடுவே கன்னடச் சொற்கள் வந்து விழும். தேனை அத்தை ‘ஜேனு’ என்றே பாடுவார். எங்கள் தெருவில் எல்லாரும் அவ்வாறு இரண்டு மொழிகளையும் பிசைந்து பேசியமையால் எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை.

1956 நவம்பர் 1 ஆம் நாள், மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, கொள்ளேகால் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. கன்னடம் பேசுவோர் மிகுந்த வட்டம் கன்னட நாட்டோடு சேர்ந்தது முறைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயது. எந்தப் பேச்சைக் கேட்டாலும் அதில் ‘பாஷை’ என்னும் சொல் இருந்தது. கடையில் பாஷை, பள்ளியில் பாஷை, திண்ணையில் பாஷை. அடுத்த ஆண்டு தந்தையார் வேலையை விட்டுவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு பவானிக்குத் திரும்பினார். அத்தையும் வந்தார். அங்கே சரகா இல்லை. அத்தை பாடவும் இல்லை. 1963 இல் அவர் காலமானார். அப்பொழுது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் அந்தப் பாட்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி மாணவனுக்குக் கம்பனும் இளங்கோவும் தெரியும். சரகா சுற்றுபவரின் பாட்டு எங்கே தெரியப் போகிறது?

வேலையின் பொருட்டு 1970 இல் நான் மைசூருக்கு வந்த பிறகே அந்தப் பாட்டு மீண்டும் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. கன்னடம் காதில் விழுந்த இடமெல்லாம் அதன் மெட்டும் கூடவே வந்தது. முதலில் நான் எண்ணியது, அஃது ஒரு நாடகப் பாட்டு என்று. காடு, வேடர், தேன் என்றால் தமிழனுக்கு வள்ளியன்றி வேறு யார் நினைவுக்கு வருவார்? சங்கரதாஸ் சுவாமிகள் 1867 முதல் 1922 வரை வாழ்ந்த காலத்தில் வள்ளி திருமணமும், பவளக்கொடியும், கோவலனும், சத்தியவான் சாவித்திரியும் எழுதி வைத்தார். அவற்றைப் பாடாத தமிழ் நாடகக் கொட்டகை இல்லை. வள்ளி திருமணப் புத்தகங்களைப் பதிப்புப் பதிப்பாகப் புரட்டினேன். அதில் தேனும் தினைமாவும் இருந்தன. தேன் எடுக்கப் போகும் கணவனைக் காணோம். ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1945 இல் எடுத்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் இருக்குமோ என்று தேடினேன். டி. ஆர். மகாலிங்கத்தின் குரல் இன்றும் செவியில் தேனாகத்தான் பாய்கின்றது. அப்படத்தில் குமாரி ருக்மிணியின் பாட்டுகளைப் பின்னர் நீக்கிப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள் என்பது போன்ற சுவையான செய்திகள் பல கிடைத்தன. பாட்டு கிடைக்கவில்லை.

பிறகு, மாதேவன் என்றால் சிவபெருமான். வேடன், மனைவி, சிவன் என்று கூட்டிப் பார்த்தால் கண்ணப்பர் கதை அன்றோ என்று ஓர் எண்ணம் தோன்றியது. 1954 இல் வெளிவந்த ‘பேடர கண்ணப்பா’ என்னும் கன்னடப் படம் எங்கள் ஊர்க் கூடாரக் கொட்டகைக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. அதில்தான் இராஜ்குமார் முதன்முதலாகக் கதாநாயகராகத் தோன்றினார். அவர் 1929 இல் பிறந்த காஜனூர், தாளவாடியை அடுத்த சிற்றூர். அதுவும் அன்று கோயமுத்தூர் மாவட்டமே. 1956 இல் கொள்ளேகால் மைசூருக்குப் போயிற்று, காஜனூர் போகவில்லை. இன்று அது ஈரோடு மாவட்டத்தில் இருக்கின்றது. கன்னடத் திரையின் பெருநடிகர் பிறந்த ஊர் தமிழ்நாட்டில். தமிழனாகிய நான் பிறந்த ஊர் கர்நாடகத்தில். பிறந்தபொழுது இருவரும் ஒரே கலெக்டரின் குடிகள்! இந்த வேடிக்கையை எண்ணிச் சிரித்துக்கொண்டே படத்தை மீண்டும் பார்த்தேன். அதிலும் என் பாட்டு இல்லை.

சென்னையில் 1994 இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போனேன். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் அங்கே இருக்கின்றன. பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், நாடகப் பாட்டுகள், பெரிய எழுத்துக் கதைகள் என்று என் போன்றவர்க்கு அது கற்பகச் சோலை. நல்லதங்காளைப் படித்தேன், அழுதேன். என் காட்டுப் பெண் அங்கும் இல்லை.

இடையில் ஒரு நகைப்புக்கு இடமான செய்தியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் விழாவில் பேசும்பொழுது அத்தையின் பாட்டை எடுத்துக்காட்டினேன். எல்லைப்புறத்துத் தமிழர்களின் மொழிப்பற்றுக்கு அது சான்று என்றும், காட்டிற்குப் போகும் கணவன் கூடத் தன் மனைவியிடம் ‘உன் பாஷை எது’ என்று கேட்டு, அவள் வாயால் அதை உறுதி செய்துகொண்டு போகின்றான் என்றும் முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. அக்கூட்டத்தில் இருந்தவர்களில் சிலர் இம்மலரையும் படிக்கக்கூடும். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பாதி கேட்ட பாட்டைத் தேடிப் போனவர்களில் தலையானவர் நாதமுனிகள். வைணவ குருபரம்பரை கூறும் அவ்வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. வீரநாராயணபுரம் என்று அந்நாளில் வழங்கிய காட்டுமன்னார்கோயிலுக்கு, மேல்நாட்டிலிருந்து வந்த அடியார் சிலர் குடந்தைப் பெருமானைப் பாடும் பத்துப் பாசுரங்களைச் சொன்னார்கள். அவற்றின் முடிவில், இவை குருகூர்ச் சடகோபன் பாடிய ஆயிரத்துள் பத்து என்ற குறிப்பு இருந்தது. எஞ்சியவை எங்கே என்று நாதமுனிகள் கேட்க, அவர்கள் தமக்குத் தெரிந்தது இவ்வளவே என்றார்கள். அவர் குடந்தைக்குப் போனார், அங்கும் கிடைக்கவில்லை. குருகூருக்குப் போனார். மதுரகவிகள் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதினார். ஆயிரம் தேடியவருக்கு நாலாயிரம் கிடைத்தது. மேல்நாடு என்பதைப் படிக்கும்பொழுதெல்லாம் எனக்கு நம் மைசூர்ப் பக்கத்து மேட்டு நிலம் கண்ணுக்குள் தோன்றும். அவருக்குப் பாட்டே வழி காட்டியது. பாடினவர் பெயரும், ஊரும், தொகையும் பாட்டுக்குள்ளேயே இருந்தன. என் பாட்டுக்கு அப்படி ஒரு முத்திரை இல்லையே என்று நான் ஏங்கினேன். இருந்தது. அடிக்கு அடி இருந்தது. நான்தான் அதைச் சிவனுக்குரிய பொதுப்பெயர் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

2012 ஆம் ஆண்டு மகா சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். கொள்ளேகாலிலிருந்து அம்மலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஊரில் இருந்த காலத்தில் போகாத நான், கிழவனான பிறகு போனேன். 1997 இல் சாமராஜநகர் தனி மாவட்டமான பின் கொள்ளேகால் அதில் சேர்ந்தது. மலை இப்போது ஹனூர் வட்டத்தில் இருக்கின்றது. தாளபெட்டாவில் தொடங்கும் ஏற்றத்தில் கன்னடமும் தமிழும் கலந்து ஏறின. சேலம், தருமபுரி, ஈரோடு, கோவை மாவட்டங்களிலிருந்து வந்த கூட்டம் கன்னட நாட்டுக் கூட்டத்துக்குச் சிறிதும் இளைத்ததன்று.

கோயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். இடக்கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம்; வலக்கையில் கயிறு கோத்த தட்டையான வட்டம். இரண்டும் மோதும்பொழுது எழும் ஒலி காதைக் கீறிக்கொண்டு போயிற்று. இதற்குக் கம்சாளே என்று பெயர். மாதேஸ்வரருக்கென்று நேர்ந்து தீட்சை பெற்ற தேவரகுட்டர்கள் இதைத் தட்டிக்கொண்டு, வீடுவீடாகப் பிச்சை ஏற்று, அவர் கதையைப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் கதையைச் சொல்ல, மற்றவர் பின்பாட்டு இழுப்பார்கள். அந்தப் பின்பாட்டைக் கேட்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. அத்தையின் இழுப்பு அது. அதே ஏற்றம், அதே இறக்கம். சிறிது நேரத்தில் ‘ஜேனு’ வந்தது. பிறகு ‘பாஷெ’ வந்தது.

பதினோரு வயதான என் பேத்தி அருகில் நின்றாள். கன்னடம் அவளுக்குப் பள்ளிப் பாடம். நான் கண்ணீரோடு நிற்பதைக் கண்டு என்னவென்று கேட்டாள். “அவர்கள் மொழியைப் பற்றிப் பாடுகிறார்கள் அம்மா” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “இல்லை தாத்தா, பாஷெ என்றால் வாக்கு, சத்தியம். புண்யகோடி என்ற பசு புலியிடம் கொடுத்துவிட்டு வருமே, அந்தப் பாஷெ. எங்கள் பாட்டில் இருக்கிறது” என்றாள். கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவேன் என்று புலிக்கு வாக்களித்த பசுவின் பாட்டு, கன்னட நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றும் அறிந்தது. தெலுங்கிலும் ‘பாஸ’ என்றால் வாக்குறுதி உண்டு. பவானிக்குப் போகாமல் கொள்ளேகாலிலேயே படித்திருந்தேனானால் பதின்மூன்று வயதில் இச்சொல் எனக்கு விளங்கியிருக்கும். கடைத்தெருவில் கற்ற என் கன்னடத்தில் அதற்கு இடம் இல்லாமற் போயிற்று.

பாடி முடித்ததும் அந்தப் பெரியவரிடம் சென்று இது எந்தக் கதை என்று கேட்டேன். சங்கம்மாவின் ‘சாலு’ என்றார். மாதேஸ்வர காவியத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சாலு என்று பெயர்.

ஊர் திரும்பியதும் நூல்களைத் தேடினேன். இம்முறை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பி. கே. இராஜசேகர என்பவர் பாடகர்களிடம் கேட்டுத் தொகுத்த ‘மலெய மாதேஸ்வர’ 1973 இலேயே அச்சில் வந்துவிட்டது. நான் மைசூருக்கு வந்து மூன்றே ஆண்டுகளில்! ஹெப்பணி மாதய்யா குழுவினர் பாடிய மற்றொரு வடிவம் சி. என். இராமச்சந்திரன், எல். என். பட் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2001 இல் சாகித்திய அகாதெமி வாயிலாக வெளிவந்தது. என் பேத்தி கன்னடத்தை உரக்கப் படிக்க, நான் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன்.

மாதேஸ்வரர் புலியை வாகனமாகக் கொண்டவர். தேவர்களைச் சிறைவைத்த சிரவண அரசனை அழித்தவர். ஆலம்பாடி ஜுஞ்சேகவுடன் என்னும் செல்வனின் செருக்கை அடக்கி, அவனைக் கொண்டே கோயில் கட்டுவித்தவர். இந்த ஆலம்பாடி நமக்கு அயலூர் அன்று. ஒகேனக்கல் பக்கத்தில் காவிரிக் கரையில், மாட்டினத்தால் பெயர் பெற்ற ஊர். காவியத்தில் அரசர் உண்டு, ஆயர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு. காட்டில் வாழும் சோளகரும் உண்டு. சங்கம்மா அந்தச் சோளகர் வீட்டுப் பெண்.

அவள் கணவன் நீலேகவுடன் தேன் எடுக்கக் காட்டுக்குப் புறப்படுகின்றான். நெடுநாள் திரும்ப முடியாது. தான் இல்லாத காலத்தில் கற்போடு இருப்பேன் என்று வலக்கையில் அடித்துப் பாஷெ கொடு என்று கேட்கின்றான்.

அவள் கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் பேத்தியை நிறுத்தச் சொன்னேன். மீண்டும் படிக்கச் சொன்னேன். ஆங்கிலத்திலும் அதுவே இருந்தது. தாய் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் யாருக்கும் இப்படி ஒரு வாக்குக் கொடுத்தவள் அல்லள் என்று அவள் மறுக்கின்றாள். தவறு செய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை. கேட்பதே தவறு என்பது அவள் கட்சி. அதன்பின்தான் அவன் அவளைக் கொடுமை செய்து குடிசைக்குள் அடைத்துவிட்டுப் போகின்றான். அடைபட்டவள் மாதேவனை அழைக்கின்றாள். அவர் பிச்சை ஏற்கும் துறவியாக வந்து அவளை விடுவித்து, பிள்ளை வரமும் தருகின்றார். காரய்யன், பில்லய்யன் என்னும் இரட்டையர் பிறக்கின்றனர். நான் நினைவில் வைத்திருந்த அத்தனை துணுக்குகளும் தத்தம் இடத்தில் போய் அமர்ந்தன, ஒன்றைத் தவிர.

என் நினைவில் அவள் சத்தியம் செய்தாள். கை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள், அதைக் காத்தாள், காத்தும் துன்புற்றாள். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நான் தேடியது அந்தப் பெண்ணைத்தான். சீதையை, சாவித்திரியை, கண்ணகியை, நல்லதங்காளைக் கேட்டு வளர்ந்த செவி, அத்தை பாடிய கதையைத் தன் விருப்பப்படி திருத்தி வைத்துக்கொண்டது. அத்தை அப்படிப் பாடியிருக்க முடியாது. பாடியிருந்தால் பிறகு குடிசைக்கு வேலையில்லை. வாக்குக் கொடுத்தவளை அடைத்து வைப்பானேன்? சிறுபிள்ளையும் கேட்கக்கூடிய இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. வள்ளியிலும் கண்ணப்பரிலும் நான் தேடித் தேடிக் காணாமற் போனதற்குப் பாதிக் காரணம் ‘பாஷை’ என்னும் சொல்; மறுபாதி, நானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று பலநாள் எண்ணிப் பார்த்தேன். சம்பந்தப்பட்டவர் ஒருவரும் இன்று இல்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1971 ஆக இருக்கலாம், பேச்சு அத்தையைப் பற்றித் திரும்பியது. என் தாயார் பெருமூச்சு விட்டு, “அவள் சூடத்தை அணைத்து ஒரு சத்தியம் செய்திருந்தால் போதுமே, குடித்தனம் நடந்திருக்குமே. மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டாள்” என்றார். யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தாயாரும் மேலே சொல்லவில்லை. அப்பேச்சை அன்றே மறந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். பேத்தி இரண்டாம் முறை படித்து முடித்தபொழுது, தாயாரின் குரல் அப்படியே காதில் கேட்டது.

தேவரகுட்டர்கள் கொள்ளேகால் தெருக்களில் வந்து பாடியது எனக்கு மங்கலாக நினைவிருக்கின்றது. பெண்கள் படியில் நின்று, இதைப் பாடு, அதைப் பாடு என்று கேட்டு, முறத்தில் கேழ்வரகு கொண்டுவந்து போடுவார்கள். பெரிய காவியத்தில் எத்தனையோ சாலுகள் இருக்க, அத்தை இந்த ஒன்றை மட்டும் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டார் போலும். அந்தப் பாட்டுக்காரர்கள் பாடியது முழுவதும் கன்னடம். அத்தை பாடியதில் கதை தமிழில் இருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த மலைகளில் மொழிக்கு வேலி கிடையாது. அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில், தமிழ்நாட்டுக்குள்ளேயே, மாடு வளர்க்கும் லிங்காயத்துக் குடிகள் கன்னடம் பேசுகின்றார்கள். கொள்ளேகாலுக்குக் கிழக்கே மார்ட்டள்ளிப் பக்கத்துச் சிற்றூர்களில் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சோளகர்கள் இரு மாநிலத்துக் காடுகளிலும் இருக்கின்றார்கள். அவர்கள் பேச்சில் இரண்டு மொழிகளும் கேட்கும்.

ஆதலால் இம்மலரைப் படிக்கும் அன்பர்களிடம், சிறப்பாக ஹனூர், இராமாபுரம், மார்ட்டள்ளிப் பக்கங்களிலிருந்து வந்து நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்களிடம், ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் சங்கம்மா கதையைத் தமிழில் பாடக் கேட்டிருந்தால், ஓரடியாயினும், சங்க அலுவலகத்திற்கு எழுதி அனுப்புங்கள். கணவன் கை நீட்டுகின்ற இடம் எனக்கு மிகவும் வேண்டும். அத்தை அவ்விடத்தில் பாட்டைச் சற்றே நிறுத்துவார். சரகா மட்டும் சில சுற்றுகள் ஓடும். அதன் பிறகே அடுத்த அடி வரும். அந்த அடியின் சொற்கள்தாம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.